வால் எண்ணா, தகடா, பதிவு அட்டையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெர்பேங்க் பகுதியில் இருந்த காலத்தில், பக்கத்து லூயி போத்தா விமான நிலையத்தில் இறங்கிய ராணுவப் போக்குவரத்து விமானங்களின் வால் எண்களை மாமா ஒரு பள்ளி நோட்டில் பென்சிலால் குறித்து வைத்தார். அந்த நோட்டு இப்போது என் கையில். ஒவ்வொரு எண்ணின் பூர்வீகத்தையும் தேடுகிறேன். பிடிப்பதற்கு மூன்று இழைகள் உண்டு: வாலில் தீட்டிய எண், கட்டுமான எண் பொறித்த உலோகத் தகடு, விமானம் யார் யார் கைக்குப் போனது என்று எழுதிய பதிவு அட்டை. எதைப் பிடிப்பது என்பது விமானத்தைப் பொறுத்தது.

ஹெர்குலிஸ், டிரான்சால் என்ற இரண்டு வகைப் போக்குவரத்து விமானங்களுக்கும் வால் எண்ணே போதும். தென்னாப்பிரிக்கா 1963-இல் பெற்ற ஏழு ஹெர்குலிஸ் (சி-130பி) விமானங்கள் 401 முதல் 407 வரை. பிறகு வந்த ஒன்பது டிரான்சால் 331 முதல் 339 வரை. தொழிற்சாலையிலிருந்து நேரே இங்கு வந்தவை, குழப்பமில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலப் போக்குவரத்து விமானமான டகோட்டாவிடம் அது பலிக்காது. அமெரிக்காவில் கட்டி, போரில் நேச நாடுகளுக்கு அமெரிக்கா தளவாடம் கொடுத்த லெண்ட்-லீஸ் ஏற்பாட்டில் பிரிட்டிஷ் விமானப்படை வழியாக இங்கு வந்ததால் ஒரே விமானத்துக்கு மூன்று பெயர்: ஓர் அமெரிக்க எண், கேஜி, கேஎன் போன்ற எழுத்தோடு ஒரு பிரிட்டிஷ் எண், கடைசியில் நம்முடைய 68-இல் தொடங்கும் எண். அமெரிக்க எண்ணில் முதலில் வரும் 43, விமானம் கட்டிய ஆண்டு அல்ல, பணம் ஒதுக்கிய நிதியாண்டு. வாலில் தீட்டும்போது அந்த 4-ஐயும் விட்டுவிடுவார்கள்; 42-92345 என்பது 292345 ஆகிவிடும். நான் முதலில் சறுக்கியது இங்கேதான்.

அதனால் டகோட்டாவுக்குத் தகடுதான் என் முதல் நம்பிக்கை. எத்தனை முறை வண்ணம் பூசினாலும் கட்டுமான எண் மாறாது. ஆனால் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் கட்டிய பலவற்றுக்கு இரண்டு கட்டுமான எண்கள், 14-இல் தொடங்கும் ஐந்திலக்க எண் ஒன்று, 25-இல் தொடங்குவது ஒன்று என்பது போல. இரண்டையும் குறித்துக்கொள்ளாவிட்டால் ஒரே விமானத்தை இரண்டாக எண்ணிவிடுவோம்.

ஆனால் விமானம் எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்பதைத் தகடு சொல்லாது. அதற்குப் பதிவு அட்டைதான் வேண்டும். அமெரிக்க அட்டைகள் அலபாமாவின் மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் மைக்ரோஃபிலிமாக உள்ளன. பிரிட்டனில் அந்த அட்டைக்கு 'படிவம் 78' என்று பெயர். கடல் தாண்டிய விமானத்துக்குப் பிரிட்டிஷ் அட்டை பல நேரம் 'மத்திய கிழக்கு' என்று மட்டும் எழுதி நின்றுவிடும், படைப்பிரிவின் பெயர் இருக்காது. அந்த இடைவெளியில் வால் எண்ணும் தேதியுமாக மாமா எழுதிய ஒரு வரி கிடைத்தால், எனக்கு அது அட்டைக்குச் சமம்.

நோட்டில் இரண்டு எண்களில் கடைசி இலக்கம் 3-ஆ, 8-ஆ என்று தெரியவில்லை. அதைச் சரிபார்க்க அடுத்த மாதம் பிரிட்டோரியாவின் ஸ்வார்ட்காப் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு டார்ச்சோடு போகிறேன்.