நுவரெலியாவில் ஒரு பந்தய சிமுலேட்டர் கூடம்

நுவரெலியா நகரில், மரக்கறிக் கடையொன்றின் மேல்மாடியில் இயங்கும் சிமுலேட்டர் (கார் ஓட்டும் அனுபவத்தைப் போலியாகத் தரும் கருவி) கூடத்தில், 1997, 1998ஆம் ஆண்டுகளின் போர்முலா வன் கார்களை ஒரே ஓடுபாதையில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கலாம். வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதற்காக 1998இல் காரின் அகலம் 200 சென்ரிமீற்றரிலிருந்து 180 ஆகக் குறைக்கப்பட்டதுடன், வழுவழுப்பான டயர்களுக்குப் பதிலாக, முன்பக்கம் மூன்றும் பின்பக்கம் நான்குமாகப் பள்ளங்கள் கொண்ட டயர்கள் கட்டாயமாயின. இந்த மாற்றம் கையிலேயே தெரிகிறது: பழைய கார் தரையோடு ஒட்டித் திரும்பிய அதே வளைவில், புதியதற்கு முன்கூட்டியே பிரேக் பிடிக்காவிட்டால் முன்சக்கரங்கள் வெளியே வழுக்கி, ஸ்டியரிங் சட்டென்று இலேசாகிவிடுகிறது. 1995இல் என்ஜின் 3.5 லீற்றரிலிருந்து 3 லீற்றராகச் சுருக்கப்பட்டதையும் காட்டியிருக்கலாம், அக்கார்கள் இங்கில்லை. பிரேக் மிதி தளர்ந்திருக்கிறது, கட்டணமும் சற்று அதிகந்தான். ஏப்ரலில் மாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்கு வருவோர் தாராளமாகப் போகலாம், முன்பதிவு அவசியம்.