கல்லுச் சுவரில் கனடா ஸ்பீக்கர்

முதலே சொல்லிவிடுகிறேன், ஸ்பீக்கரில் பிழை இல்லை. எங்கள் சுவரிலும் பிழை இல்லை. இரண்டையும் பொருத்த வந்த ஆக்களிடம்தான் பிழை, அதுவும் முதலில் வந்த ஆக்களிடம்.

போன வருடம் அத்தான் கனடாவிலிருந்து வந்தபோது சுவருக்குள் பதிக்கிற ஸ்பீக்கர் ஐந்து கொண்டுவந்தார். ஆறரை அங்குலம், 8 ஓம், முன்னுக்கு மூன்று, பின்னுக்கு இரண்டு. ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பெருக்கி அனுப்புகிற றிசீவரையும் அங்கேயே வாங்குவம் என்றுதான் நின்றார், நான்தான் தடுத்தேன், அங்கத்தைய கரண்ட் 120 வோல்ற், எங்களுடையது 230, கொண்டுவந்து செருகினால் அன்றைக்கே புகைதான். ஸ்பீக்கருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அது எந்த நாட்டிலும் ஸ்பீக்கர்தான். றிசீவரை இங்கே வாங்கினோம்.

எங்கள் வீடு கிளிநொச்சியில், கனகபுரம் பக்கம். மீள்குடியேறிய பிறகு வீட்டுத்திட்டக் காசில் எழும்பின வீடு, ஹோலைப் பிறகுதான் நீட்டினோம். ஆறு அங்குலச் சீமெந்துக் கல், இரண்டு பக்கமும் பூச்சு. இதை ஏன் சொல்கிறேன் என்றால் முழுக் கதையும் இதில்தான் கிடக்கிறது. கனடாவில் வீட்டுச் சுவர் என்பது மரச்சட்டம் அடித்து அதன் மேல் ஜிப்சம் பலகை பூட்டியது, உள்ளே வெறும் கூடு. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பதினாலரை அங்குல இடைவெளி, மூன்றரை அங்குல ஆழம், உயரம் நிலத்திலிருந்து மேல்வரை. பலகையில் ஓட்டை வெட்டி, ஸ்பீக்கரை உள்ளே தள்ளி, முன்னாலிருந்து ஸ்குரூவை முறுக்கினால் பின்னாலுள்ள காதுகள் விரிந்து பலகையைக் கவ்விக்கொள்ளும். அரை மணித்தியால வேலை. அந்தக் கூடு முழுவதும் ஸ்பீக்கருக்குப் பெட்டியாகவும் ஆகிவிடும், கணக்குப் பார்த்தால் 80 லீற்றருக்குக் கிட்ட வருகிறது. எங்கள் சுவரில் அப்படி ஒரு வெறும் இடம் எங்கே இருக்கிறது? கல்லைக் குடைந்து எடுக்கிற பள்ளம்தான், அதில் எட்டு லீற்றர் கிடைத்தால் புண்ணியம்.

டவுனில் ஒரு கடையில் கேட்டேன், பெயர் வேண்டாம். “அண்ணை, நாங்கள் எத்தனை வீட்டுக்குச் செய்து குடுத்தனாங்கள், ஒரு நாளில் முடிப்பம்” என்றார்கள். கூலி மட்டும் 35,000 ரூபா. இரண்டு பேர் கிறைண்டரோடு வந்தார்கள், சொன்னபடி ஒரே நாளில் முடித்தும் விட்டார்கள், அதுதான் வினை. வீடு முழுக்கச் சீமெந்துத் தூசு, அம்மா மூன்று நாள் சாமி அறையைக் கழுவிக்கொண்டிருந்தா.

பின்னேரம் போட்டுக் கேட்டால் குரல் வருகிறது, மேளம் வரவில்லை. நாதஸ்வரம் கேட்கிறது, தவிலைக் காணவில்லை. சத்தத்தைக் கூட்டினால் இடப்பக்கம் கிறுகிறு என்று அதிர்கிறது. ரீவி சுவிச்சைத் தட்டினால் ஸ்பீக்கரில் டக் என்கிறது, மின்விசிறி ஓடும்போது பின்பக்கம் மெல்லிய உறுமல். கடைக்கு எடுத்தால், “புதுசு தானே அண்ணை, ஓட ஓடச் சரி வரும்.” இரண்டு கிழமை ஓடவிட்டேன். சரி வரவில்லை. மூன்றாம் கிழமை வலப்பக்கப் பூச்சு வெடித்து, காது கவ்வியிருந்த துண்டோடு ஸ்பீக்கர் ஒரு பக்கம் சரிந்து நின்றது. பிறகு அவர்கள் போனே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிற வயரிங் தம்பியைக் கூப்பிட்டேன். முதலே கூப்பிட்டிருக்கலாம், வீட்டு வயரிங் தானே செய்கிறவன், ஸ்பீக்கரைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட்டேன். வந்தவன் பாட்டுக் கேட்கவே இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றி, அறுந்த ரோச்சிலிருந்து எடுத்த ஒன்றரை வோல்ற் பற்றரியை இரண்டு வயரிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தான். பற்றரியின் கூட்டல் பக்கம் ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் பட்டால் கோன், அதுதான் முன்னால் அதிர்கிற கூம்பு, வெளியே தள்ள வேண்டும். வலப்பக்கம் வெளியே தள்ளியது, இடப்பக்கம் உள்ளே இழுத்தது. ஒன்று தள்ள மற்றது இழுத்தால் தவில் எங்கே கேட்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். இடப்பக்க வயரை மாற்றிப் பூட்டியதும், அந்த உடைந்த நிலையிலேயே, பாதித் தவில் திரும்பி வந்துவிட்டது.

அடுத்தது வயர். கடைக்காரர் போட்டது பார்வைக்குச் செம்பு. தம்பி பிளேட்டால் சுரண்டிக் காட்டினான், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசினது, அதுவும் நூல் மாதிரி மெலிசு. பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகிற வயர் ஏறி இறங்கி 18 மீற்றர். அதன் ஒரு முனையை முறுக்கிச் சேர்த்துவிட்டு மற்ற முனையில் மீற்றரைப் பிடித்தால் வயரின் தடை 2 ஓமுக்குக் கிட்டக் காட்டியது. ஸ்பீக்கரே 8 ஓம் என்றால் அனுப்புகிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு சுவருக்குள்ளேயே சூடாகப் போய்விடுகிறது.

அது கூடப் பரவாயில்லை, சத்தம் குறையும், அவ்வளவுதான். இரண்டு இடத்தில் அந்த ஸ்பீக்கர் வயரை வீட்டுக் கரண்ட் வயர் போகிற அதே பைப்புக்குள்ளே விட்டிருந்தார்கள், ஒரு இடத்தில் ரேப் சுற்றின மூட்டு வேறு. டக் சத்தத்துக்கும் உறுமலுக்கும் காரணம் அதுதான். எலி கடித்தோ ரேப் இளகியோ 230 வோல்ற் அந்த வயரில் ஏறினால் றிசீவர் போகும், அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதைப் பார்த்த அன்றுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

தம்பி எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டு, கரண்ட் பைப்பிலிருந்து ஒரு அடி தள்ளித் தனி பைப் விட்டான், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் மட்டும் நேர் செங்குத்தாகக் கடக்க வைத்தான். வயர் என்ன போட்டான் தெரியுமா? சாதாரண வீட்டு வயர், ஹாட்வெயாரில் 7/0.67 என்று கேட்டால் தருவார்களே, அந்த 2.5 சதுர மில்லிமீற்றர் வயர்தான், முழுச் செம்பு. ஸ்பீக்கர் வயர் என்று தனியாக மந்திரம் ஒன்றும் இல்லை, செம்பும் தடிப்பும் இருந்தால் போதும் என்றான். இப்போது அதே 18 மீற்றருக்கு 0.3 ஓம் கூட இல்லை. ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு, நாளைக்கு வேறொரு வயர்மன் சுவரைத் திறந்தால் இதைக் கரண்ட் வயர் என்று நினைத்து எதிலாவது கொழுவிவிடுவான். அதனால் முனைக்கு முனை மஞ்சள் ரேப் சுற்றி ‘ஸ்பீக்கர்’ என்று எழுதி, மெயின் போட் மூடியின் உள்பக்கமும் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறான். அந்தத் துண்டுக்காகவே அவனுக்கு நான் காசு கூடக் குடுப்பேன்.

பெட்டி விடயத்துக்குத்தான் நாங்கள் இருவரும் கன நாள் மினக்கெட்டோம். கடைக்காரர் பள்ளத்துக்குள் ஒட்டுப்பலகை அடித்திருந்தார்கள், மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் பின்மூலையில் கறையான் மண் ஏறியிருந்தது. வன்னியில் ஒட்டுப்பலகையைச் சுவருக்குள் புதைப்பது கறையானுக்குச் சோறு வைப்பது மாதிரி. சுவரை இன்னும் பெரிதாகக் குடையலாமா என்று கேட்டேன், வேண்டாம் அண்ணை, ஆறு அங்குலத்தில் நாலு போனால் மிச்சம் என்ன, மாரிக்கு வெளிப்பக்கத்தால் ஊறும் என்றான். சரிதான். கடைசியில் முன்பக்கம் மூன்றுக்கும் கல்லைத் தொடவில்லை. பழைய பள்ளத்தைச் சீமெந்தால் அடைத்துவிட்டு, ரீவி இருக்கிற சுவருக்கு முன்னால் அலுமினியச் சட்டம் அடித்து, சீமெந்துப் பலகை பூட்டி, நாலு அங்குலத்தில் ஒரு பொய்ச்சுவர் எழுப்பினோம். இப்போது அந்த ஸ்பீக்கர்களுக்குக் கனடாவில் கிடைக்கிற மாதிரியே ஒரு கூடு கிடைத்துவிட்டது, காதும் பலகையை ஒழுங்காகக் கவ்வுகிறது, ரீவி வயர்களும் அதற்குள்ளேயே மறைந்துவிட்டன. கதிரையில் இருக்கும்போது காது வருகிற உயரத்துக்கு ஸ்பீக்கரை இறக்கிப் பூட்டினோம், அவர்கள் வைத்திருந்தது யன்னல் மேல்விளிம்பு உயரத்தில்.

பின்பக்கம் இரண்டும் கல்லுக்குள்தான், உள்சுவர் என்பதால் விட்டுவிட்டோம். பள்ளத்தைப் பூசி, பெயின்ற் அடித்து, கதவு நிலைக்கு எடுத்து மிஞ்சின முதிரைத் துண்டில் சட்டம் செய்து, பிளக் அடித்து இறுக்கி, அந்தச் சட்டத்தைத்தான் ஸ்பீக்கர் கவ்வுகிறது. முதிரையில் கறையான் பல்லு இறங்காது. உள்ளே தலையணைப் பஞ்சு கொஞ்சம், பொலியெஸ்ரர், இலவம்பஞ்சு வைத்தால் பூச்சி வரும் என்று தம்பி விடவில்லை. சின்னப் பள்ளம் என்பதால் அடித்தொனி இன்னும் குறைவுதான். றிசீவரில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் அடித்தொனிக்கென்றே இருக்கிற சப்வூஃபர் பெட்டிக்குத் திருப்பிவிட்டோம், பின்னாலிருந்து வருவது பெரும்பாலும் மழையும் கைதட்டலும் தானே, அதற்கு அது போதும்.

ஸ்பீக்கருக்கு என் கணக்கில் ஐந்துக்கு நாலு, குரல் அவ்வளவு தெளிவு. தம்பிக்கு ஐந்து, சொன்ன நாளுக்கு வராமல் இரண்டு தரம் காய்வெட்டினதை மன்னித்துவிட்டேன். கடைக்கு ஒன்று, அதுவும் தேத்தண்ணி கேட்காமல் வேலை செய்ததற்கு. புதுவீடு கட்டுகிற ஆக்கள் பூச்சுக்கு முன்னமே பைப்பைப் போட்டு வையுங்கள், ஸ்பீக்கர் எப்போதாவது வரட்டும். கட்டி முடித்த வீடு என்றால், பொய்ச்சுவர் அடிக்க இடமும் இல்லையென்றால், மினக்கெடாமல் தட்டில் வைக்கிற ஸ்பீக்கரை வாங்குங்கள், அதே காசுக்கு இதைவிட நல்லாகக் கேட்கும். கூரையில் பதிக்கலாமா என்று ஒரு உறவுக்காரர் கேட்டார், அவர் வீட்டுச் சீலிங் பழைய அஸ்பெஸ்டஸ் சீற், அதில் கிறைண்டர் வைக்கவே கூடாது, அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் போனதுதான். ஐப்பசி இடிமுழக்கத்துக்கு றிசீவர் பிளக்கைக் கழற்றி வைக்கவும் மறக்காதீர்கள்.

அப்பா இதில் ஒன்றையும் ஏற்கவில்லை. சண்டைக்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டவர். “காது இரண்டுதானே, ஐந்து எதுக்கடா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நேற்றுப் பின்னேரம் நல்லூர்த் திருவிழாவை யாரோ ஒளிபரப்பினார்கள், ஹோலில் தனிய இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் வந்ததும், பின்னால் வலப்பக்கத்து ஸ்பீக்கரில் ஏதோ சொறிகிற சத்தம் வருகிறது, பார் என்றார். வலையைக் கழற்றினேன், ஒரு பல்லி. இனி அந்த வலைக்குப் பின்னால் நுளம்பு வலைத் துண்டு ஒன்று வெட்டி ஒட்ட வேண்டும்.