ஒரு படி கேழ்வரகையும் அரைத்துத் தரும் மாவு மில்: ஒரு சபைக் கணக்காளரின் மதிப்புரை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில், நகரத்தின் நெரிசல் குறையத் தொடங்கும் இடத்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறிய மாவு மில் இருக்கிறது. ஓட்டுக் கூரை, ஒரே ஒரு மிஷின், ஒரு எலக்ட்ரானிக் தராசு, சுவரில் ஒரு வசனக் காலண்டர் ஆகியவற்றைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. எங்கள் சபை மிகச் சிறியது. அதன் வரவுசெலவுக் கணக்கை எழுதும் பொறுப்பு ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. குறைந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கர்த்தரை நம்புவது எப்படி என்று அந்த ஆறு ஆண்டுகளில் நான் சரியாகப் புரிந்துகொள்ளாத ஒன்றை இந்த மில்லில்தான் கண்டேன் என்பதால், இதை எழுதுகிறேன்.

முதலில் சேவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் 2023-ஆம் ஆண்டு முதல் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் வந்தது. அந்த இரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு அரைக்கப் போகும் ஏழைக் குடும்பத்துப் பெண்களை, ஐந்து கிலோவுக்குக் குறைந்தால் மிஷின் போடமாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை நான் வேறோர் இடத்தில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். இந்த மில்லில் அந்த நிபந்தனை கிடையாது. ஒரு படி கொண்டுவந்தாலும் அரைத்துக் கொடுக்கிறார்கள். கூலியும் எல்லோருக்கும் ஒன்றே, கிலோவுக்குப் பத்து ரூபாய். களிக்கா, கூழுக்கா, குழந்தைக்குக் காய்ச்சவா என்று கேட்டு, அதற்கேற்ப நைசாகவோ சற்றுக் குருணையாகவோ அரைக்கிறார்கள். தானியத்தை எடைபோட்ட பிறகே அரைக்கிறார்கள், மாவையும் நம் கண்முன் எடைபோடுகிறார்கள். மிஷினின் வாயிலும் ஓரங்களிலும் ஒட்டியிருப்பதைச் சிறு துடைப்பத்தால் கூட்டியெடுத்து, அதையும் நம் பையிலேயே போட்டுவிடுகிறார்கள்.

கடந்த கோடையில், பேருந்து நிறுத்தத்தில் கட்டட வேலைக்காகக் காத்து நிற்பவர்களுக்குக் காலையில் கூழ் ஊற்றவேண்டும் என்று எங்கள் சபையில் பேச்சு எழுந்தது. காணிக்கையாகச் சேர்ந்தது 3,150 ரூபாய். விசுவாசம் இருந்தால் முப்பது நாட்களுக்கு அறிவித்துவிடலாம், தேவையானதைக் கர்த்தர் தருவார் என்று நானே கூட்டத்தில் பேசினேன். பற்றாக்குறை வந்தால் கைமாற்று வாங்கிக்கொள்ளலாம் என்று மற்றொருவர் சொன்னார். அந்த நிலையில், அரைவைக் கூலி எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்காக நான் இந்த மில்லுக்குப் போனேன். மில்லை நடத்தும் அம்மா என்னிடம் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ஊற்றப்போகிறீர்கள் என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மாற்கு சுவிசேஷத்தை எடுத்துப் பார்த்தேன். ஐயாயிரம் பேர் பசியோடிருந்த இடத்தில், உங்களிடம் எத்தனை அப்பங்கள் உண்டு, போய்ப் பாருங்கள் என்று இயேசு சீஷர்களிடம் சொல்கிறார். யோவான் சுவிசேஷத்தில், ஐந்து அப்பங்களாலும் இரண்டு மீன்களாலும் எல்லோரும் திருப்தியடைந்த பின்பு, ஒன்றும் சேதமாகாதபடி மீந்த துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொல்கிறார். பன்னிரண்டு கூடைகள் நிரம்புகின்றன. அற்புதத்துக்கு முன்னே ஒரு எண்ணிக்கையும், அதற்குப் பின்னே ஒரு சேகரிப்பும் இருக்கின்றன. கணக்கு எழுதுகிறவனாக இருந்தும், நான் இந்த இரண்டையும் கவனிக்காமல் நடுவில் நிகழ்ந்ததை மட்டுமே எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.

மறுநாள் கணக்குப் போட்டோம். பத்து நாட்கள், நாளொன்றுக்கு நான்கு கிலோ மாவு. கேழ்வரகு கிலோ 42 ரூபாய் வீதம் நாற்பது கிலோவுக்கு 1,680 ரூபாய், அரைவைக் கூலி 400 ரூபாய். மீதமிருந்த 1,070 ரூபாய் தயிருக்கும் சின்ன வெங்காயத்துக்கும் உப்புக்கும். நொய்யும் விறகும் விசுவாசிகளின் வீடுகளிலிருந்து வந்தன. கடன் வாங்கவில்லை.

நாற்பது கிலோவையும் ஒரே தடவையில் அரைத்துவிடலாம் என்று மூட்டையோடு போனபோது, அந்த அம்மா தடுத்துவிட்டார். "மொத்தத்தையும் இன்னைக்கே அரைக்காதீங்க ஐயா. தானியம் தாங்கும், மாவு தாங்காது" என்றார். கேழ்வரகு தானியமாக இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் கெடாது. மாவாகிவிட்டால், அதிலும் சித்திரை வெயிலில், விரைவில் வண்டு வைத்துக் கசப்பேறிவிடும் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் அதைச் சொன்னபோது, இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து உணவாகக் கிடைத்த மன்னாவை மறுநாளுக்கென்று எடுத்துவைத்தபோது அது பூச்சி பிடித்ததையும், அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே பொறுக்கிக்கொள்ளும்படி வனாந்தரத்தில் கட்டளை கொடுக்கப்பட்டதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்துப் பத்துக் கிலோவாக நான்கு தடவை அரைத்தோம். கூலியில் அவர் எங்களுக்குச் சலுகை எதுவும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கூலிதான் அவருடைய வீட்டின் பானை.

சாறிபாத் ஊர் விதவையின் கதையை எங்கள் போதகர் அந்த வாரம் பிரசங்கித்தார். பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும் தவிர அவளிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி அவள் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பானை நிரம்பி வழிந்ததாக வேதம் சொல்லவில்லை, மழை பெய்யும் நாள்வரை மாவு தீர்ந்துபோகவில்லை என்றே சொல்கிறது. அவள் ஒவ்வொரு நாளும் பானையின் அடியைத் தொட்டுத்தான் மாவை எடுத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. எதிர்பார்த்த பெரிய காணிக்கை எதுவும் வரவில்லை. ஆனால் அந்தப் பத்து நாட்களில் ஒருவரையும் கூழ் இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்பவில்லை. கடைசி நாளில் ஏறத்தாழ முந்நூறு கிராம் மாவு மிஞ்சியிருந்தது.

மில்லின் குறைகளையும் சொல்லவேண்டும். ஒரே மிஷின் என்பதால் சனிக்கிழமைகளில் மிளகாயும் மல்லியும் மட்டுமே அரைக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில், தங்கள் வீட்டு நொய்யை முதலில் போட்டு மிஷினைச் சுத்தம் செய்தாலும், முதலில் அரைபடும் மாவில் இலேசான கார நெடி இருக்கிறது. கைக்குழந்தைக்கான மாவைத் திங்கட்கிழமை அரைக்கவேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் மில் இயங்காது. ஈரமாவு அரைப்பதில்லை. உட்கார இடம் இல்லாததால், வயதானவர்கள் தங்கள் முறை வரும்வரை வெயிலில் நிற்க நேர்கிறது. ஒரு பெஞ்சாவது போடலாம் என்று நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். இரண்டாவது மிஷின் வாங்கக் கடன் தர ஆட்கள் வந்தும், வட்டிக்காக ஏழைகளின் ஒரு படியை மறுக்கவேண்டிய நிலை வந்துவிடும் என்று அவர் வாங்க மறுத்துவிட்டார். கூட்டமும் காத்திருப்பும் அதனால்தான். எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்கு முன்பே போனால் சீக்கிரம் திரும்பலாம். கேழ்வரகைக் கல் நீக்கி, கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள். அரைத்த மாவு சூடாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வேட்டியில் பரப்பி, முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள்.