ஏற்காட்டில் திறந்த கதவு, அஸ்தம்பட்டியில் சாத்திய கதவு

இந்த முறை ஊரில் எனக்குக் கோபம் வந்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்து. ஏற்காட்டில், குடியை நிறுத்த என் தம்பியைச் சேர்த்திருந்த மறுவாழ்வு மையத்தில், கவுன்சிலர் அறையின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். "காத்து வரணும்ல மேடம்" என்றார்கள். ஆடி மாதம், ஏற்காடு, காற்று வரணுமாம்.

தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேர் போடாதே, பட்டறை எந்தத் தெரு என்று போடாதே, மத்ததை எழுதிக்கோ என்றான். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கா பஞ்சம்? அதனால் பட்டறை என்கிற வரை சொல்லலாம்.

அந்த மையத்தின் இணையதளத்தில் காபித் தோட்டம், பனிமூட்டம், யோகா எல்லாம் இருந்தது. கட்டணப் பட்டியலில் 'தனிநபர் ஆலோசனை' என்று தனி வரி, அதற்குத் தனித் தொகை. மெல்பர்னில் உட்கார்ந்து அந்த வரியைப் பார்த்துத்தான் பணம் அனுப்பினேன். நான் ஊர் வந்து சேர்ந்தபோது தம்பி அங்கே போய்ச் சில நாள் ஆகியிருந்தது. பார்க்கப் போகிறோம் என்றதும் அம்மா, மாமா, தம்பி பெண்டாட்டி எல்லோரும் காரில் ஏறிவிட்டார்கள். ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருந்தால் நாலு பேர் கிளம்புவது நம் வழக்கம்தானே. இருபது கொண்டை ஊசி வளைவும் மாமாவின் அறிவுரையோடு முடிந்தது.

மருத்துவத்தைக் குறை சொல்ல மாட்டேன். நடுக்கத்துக்கு மாத்திரை, வைட்டமின் பி1 ஊசி எல்லாம் ஒழுங்காகக் கொடுத்திருந்தார்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதைத் தாண்டி ஓரிரு நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். சிலர் அதில் உயிரையே விடுகிறார்கள். "ரூமுக்குள்ள போட்டுப் பூட்டு, நாலு நாள்ல தெளிஞ்சிரும்" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் தயவுசெய்து இதைப் படிக்கவும்.

சரி, அந்த அறை. கவுன்சிலர், தம்பி, எங்கள் நாலு பேர். இதுதான் தனிநபர் ஆலோசனை.

"எப்ப இருந்து குடிக்கிறீங்க?" என்று தம்பியைக் கேட்டார்.

"பாலிடெக்னிக் படிக்கறப்பவே ஆரம்பிச்சிட்டானுங்க" என்றார் மாமா.

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"முன்ன மாதிரி இல்லீங்க சார், இப்பக் கொறச்சிட்டான்" என்றார் அம்மா. கொறச்சிட்டான் என்றால் எதற்கு இங்கே வந்திருக்கிறோம் என்று கவுன்சிலரும் கேட்கவில்லை. நடுவில் ஒருவர் ஸ்டூலைத் தாண்டி வந்து தண்ணீர் கேனை மாற்றிவிட்டுப் போனார். இன்னொருவர் ஸ்டோர் ரூம் சாவி கேட்டு வந்தார். தம்பி ஜன்னல் வழியாக சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கவுன்சிலர், "அம்மா முகத்தைப் பாருங்க. பார்த்து ஒரு வாக்கு கொடுங்க" என்றார். கொடுத்தான். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன், கோயிலில் போய்க் கயிறு கட்டிக்கொண்டவன், இதைக் கொடுக்க மாட்டானா?

இத்தோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். டீ குடிக்கும்போது அதே கவுன்சிலர் வராந்தாவில் நின்று, முந்தின நாள் தம்பி அவரிடம் தனியாகச் சொன்னதை எங்களிடம் ஒப்பித்தார். பட்டறைக்காக வட்டிக்கு வாங்கிய கடன். பெண்டாட்டிக்கே தெரியாத கடன். அவள் அதை மாமா முன்னால், கையில் டீ கிளாஸோடு தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம் தம்பி அந்த மையத்தில் வாயே திறக்கவில்லை. 'ஒத்துழைப்புக் குறைவு' என்று அவன் கோப்பில் எழுதி வைத்தார்கள்.

மெல்பர்னில் இதே விஷயத்துக்கு நேர் எதிராக எரிச்சல்பட்டிருக்கிறேன். தோழியின் கணவருக்காக ஒரு சைக்காலஜிஸ்ட் அலுவலகத்துக்கு போன் செய்தால், அப்படி ஒருவர் அங்கே வருகிறாரா இல்லையா என்பதையே சொல்ல மாட்டோம் என்றார்கள். குடும்ப மருத்துவர் மனநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுத்தால் ஆண்டுக்குப் பத்து அமர்வு வரை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் முதல் அமர்வு கிடைப்பதற்குள் குடிக்கிறவருக்கு மனசு மாறிவிடும். அங்கே கதவு இருக்கிறது, உள்ளே போக முடியாது. இங்கே உள்ளே போய்விடலாம், கதவு இல்லை. இவ்வளவுக்கும் நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளும் அடக்கம். சிகிச்சையில் தெரியவருவதை ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது அதன் 23ஆம் பிரிவு. இதை அந்த மையத்தின் மேலாளரிடம் சொன்னேன். "ஃபேமிலிதானே மேடம்" என்றார்.

தம்பியைக் கீழே கூட்டி வந்துவிட்டோம். ஒரு மனநல மருத்துவர் மாத்திரைகளைப் பார்த்து மாற்றிக் கொடுத்துவிட்டு, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடைக்கு மேல் மாடி, ஒரு ஆள் மட்டும் ஏறுகிற படிக்கட்டு. நாலரை மணி என்றால் அஞ்சே முக்கால். கார்டு வாங்க மாட்டார்கள். இணையதளமும் கிடையாது, பனிமூட்டமும் கிடையாது.

கவுன்சிலர் சின்னப் பெண். கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில் சான்றிதழும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண்ணும் சுவரில் மாட்டியிருந்தன. நாங்கள் நாலு பேரும் வழக்கம்போல உள்ளே நுழைந்தோம். தம்பியை மட்டும் உட்காரச் சொல்லிவிட்டு, "மத்தவங்க வெளிய இருங்க" என்றார்.

"நான் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்திருக்கேன், கொஞ்ச நாள்தான் இருப்பேன்" என்றேன். "ஃபீஸும் நான்தான் கட்டறேன்."

"கட்டுங்க மேடம். பேசப் போறது அவரு. உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும்தான் உங்ககிட்ட வருவேன்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. மாமா கதவுப் பக்கமாக நகர்ந்து நின்றார். வெளியே இருந்த கம்பவுண்டர் ஒன்றும் பேசாமல் டிவி சத்தத்தைக் கூட்டினார். அது அவருக்குத் தினப்படி வேலை போல. மாமா முறைத்துவிட்டு, தட்டுவடை செட் சாப்பிடக் கீழே போய்விட்டார். எனக்கும் ஒன்று பார்சல் சொன்னேன். மெல்பர்னில் என்ன கிடைத்தாலும் இது கிடைக்காது, பீட்ரூட்டும் அந்தக் காரச் சட்னியும்.

உள்ளே என்ன நடந்தது என்பதில் தம்பி விரும்பிச் சொன்னது மட்டும் எனக்குத் தெரியும். முதல் நாள் 'விட்டுடுங்க' என்ற வார்த்தையே வரவில்லையாம். குடி உனக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்டிருக்கிறார். இதுவரை ஒருத்தர்கூட அவனிடம் அதைக் கேட்டதில்லை. ஆளுக்கு அறிவுரை சொல்லாமல், மாற வேண்டிய காரணத்தை அவர் வாயிலிருந்தே வர வைக்கும் இந்த முறையை வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் எழுதினார் என்று பிறகு படித்தேன். அஸ்தம்பட்டி மாடிக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது, மலை மேல் ஏறவில்லை.

அப்புறம் கணக்கு. ஒரு குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். ஆஸ்திரேலியக் கணக்கில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது பத்து கிராம் ஆல்கஹால். ஆக ஒரு குவாட்டரில் அது ஆறு இருக்கிறது. அங்கே ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்குப் பத்து, எந்த நாளிலும் நாலுக்கு மேல் வேண்டாம் என்பது. இதை நான்தான் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். "ஒரு கட்டிங்க்கு மூணாக்கா?" என்றான். கட்டிங் என்றால் பாதிக் குவாட்டர்.

கவுன்சிலர் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். ஆசை எப்போது வருகிறது, எங்கே, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது. வீட்டில் எல்லோரும் சனிக்கிழமைக் கூலிப் பணத்தைத்தான் குற்றம் சொன்னோம், கையில் காசு புழங்குகிற நாள் என்று. நோட்டு வேறு சொன்னது. பட்டறையைச் சாத்துகிற நேரத்தில் வட்டிக்காரரின் போன் வருகிறது. அதற்குப் பின் வருகிற அரைமணிதான் கண்டம். ஆசை அலை போல ஏறி, பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் தானே இறங்கிவிடும், அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு வழி வைத்திருங்கள் என்றாராம். இப்போது கடைசி ஆளோடு சேர்ந்தே பட்டறையைப் பூட்டுகிறான், வேறு ரோட்டில் வீட்டுக்கு வருகிறான், வட்டிக்காரரிடம் காலையில் அவனே பேசிவிடுகிறான். கடன்தான் நூல் முனை. மலையில் அதைத்தான் டீக்கு பிஸ்கட் மாதிரி எடுத்து வைத்தார்கள்.

நாட்டிலேயே முன்னோடியாக 1937இல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். 2003இல் இருந்து சில்லறை மதுக்கடையை அரசே நடத்துகிறது. பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரை கடை திறந்திருக்கிற ஊரில் ஒரு அரைமணியைத் தாண்டுவது சின்ன விஷயமில்லை.

தம்பி பெண்டாட்டிக்கும் கவுன்சிலர் தனியாக ஒரு நேரம் கொடுத்தார். கதவைச் சாத்தித்தான். வெளியே வந்து அவளாகவே சொன்னாள்: குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு பொடி வாங்கி வைத்திருந்தாளாம். அதில் என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியுமோ என்னவோ. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து இதயம் வரை பாதிக்கலாம். பொடியைக் கொட்டிவிட்டாள். மாமாவிடம் சொல்லவில்லை.

நான் திரும்பி வந்த பிறகு ஆத்தூரில் ஒரு கல்யாணத்தில் தம்பி குடித்துவிட்டான். வீட்டுக்குப் போகும் முன் அவனே கவுன்சிலரை போனில் கூப்பிட்டிருக்கிறான். ஒரு தடவை வழுக்கியதை வைத்து எல்லாம் போச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றாராம். அம்மா மறுபடி கற்பூரம் எடுத்தார். மாமா மலைக்கு மூணு மாசம் அனுப்பலாம் என்று எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். எதனால் குடித்தாய் என்று தம்பியிடம் கேட்டேன். "அத செவ்வாக்கிழமை அவங்ககிட்ட சொல்லிக்கறேன்க்கா" என்றான். இந்த மாத ஃபீஸை அனுப்பிவிட்டேன்.