ஒரே மருந்து, இரண்டு டியூப்: க்ரீமா, ஆயின்மென்ட்டா?

மெடிக்கலில் போய் "ஆயின்மென்ட் கொடுங்க" என்றால் நம் ஊரில் எந்த டியூப் வேண்டுமானாலும் கைக்கு வரும். க்ரீம், ஜெல், களிம்பு எல்லாமே நமக்கு ஆயின்மென்ட்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். கையில் வெடிப்போடு ஒரு வருடம் கஷ்டப்பட்ட பிறகுதான் க்ரீமும் ஆயின்மென்ட்டும் வேறு வேறு என்பது புரிந்தது.

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அரிசி களைவது, கிரைண்டர் கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது என்று காலையிலிருந்து கை ஈரம் காயாது. கொஞ்ச நாளில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, கோடு கோடாகப் பிளந்து, புளி கரைத்தால் உயிர் போகும். ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாமல் இரண்டு மாதம் வீட்டுக்காரரை அனுப்பி வைத்தேன். தோல் டாக்டர் பார்த்துவிட்டு எக்சிமா, அதாவது தோல் அழற்சி என்றார், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான மொமெட்டசோன் 0.1% எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டேன். அரிப்பு குறைந்தது, வெடிப்பு மூடவே இல்லை. மறுபடி போனபோது டியூபை வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "நான் ஆயின்மென்ட்னு எழுதியிருந்தேனேம்மா, இது க்ரீம்" என்றார். கடையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், நானும் பார்க்கவில்லை.

மருந்து அதே மருந்து, அளவும் அதே அளவு, அப்புறம் என்ன என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அமெரிக்காவில் இந்த ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை வீரியப்படி ஏழு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், முதல் படிதான் உச்சம். அதில் மொமெட்டசோன் 0.1% ஆயின்மென்ட் இரண்டாம் படியில் இருக்கிறது, அதே 0.1% க்ரீம் நான்காம் படியில். மருந்தைச் சுமந்து வரும் பசை மாறினாலே வீரியம் மாறிவிடுகிறது.

காரணம் தோலின் மேல் அடுக்கு. உயிரில்லாத செல்கள் அடுக்கடுக்காக, நடுவில் கொழுப்பு பூசி, சுவர் மாதிரி நிற்கின்றன. உடம்பில் பெரும்பாலான இடத்தில் இதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), உள்ளங்கையில் அதைவிடப் பல மடங்கு. பூசுகிற மருந்து இந்தச் சுவரைத் தாண்டி ஊறி இறங்கினால்தான் வேலை செய்யும். காய்ந்த சுவரில் இறங்குவது கஷ்டம், ஊறிய சுவரில் சுலபம்.

க்ரீம் என்பது எண்ணெயும் தண்ணீரும் கலந்த கலவை. பூசியதும் ஜில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவது மெல்லிய படலம். தண்ணீர் இருப்பதால் அது கெடாமலிருக்க வேறு பொருளும் சேர்க்க வேண்டியிருக்கிறது. என் வெடிப்பில் க்ரீம் பட்டால் ஒவ்வொரு தடவையும் எரிந்தது, ஆயின்மென்ட் எரியவில்லை. ஆயின்மென்ட்டின் அடிப்படை பெரும்பாலும் பெட்ரோலியம் ஜெல்லிதான். அது ஆவியாகாது, தோல் மேல் மூடி போட்ட மாதிரி உட்காரும். தோல் வழியாக வெளியேறும் ஈரத்தை இந்த ஜெல்லி 98% வரைக்கும் தடுக்கும் என்கிறார்கள். அப்போது உள்ளிருந்து வரும் ஈரத்திலேயே தோல் ஊறும், ஊறிய தோலில் மருந்து இறங்கும், வெடிப்பும் காயாமல் மூடும். எனக்கு முடிவெடுக்க இந்த ஒன்று போதுமாக இருந்தது.

அதனால் போடும் முறையையும் மாற்றினேன். ராத்திரி வேலையெல்லாம் முடிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஐந்து நிமிஷம் வைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகப் போவதற்குள் பூசுவேன். மேலே பருத்திக் கையுறை. பிளாஸ்டிக் உறை கட்டக்கூடாது, உள்ளே போகிற அளவு பல மடங்காகிவிடும், டாக்டர் சொன்னால் தவிர வேண்டாம். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், அது மணிக்கட்டு வரை ஒரு கைக்கு முன்னும் பின்னும் போதும். இரண்டு கைக்கும் ராத்திரிக்கு ஒரு கிராம், 15 கிராம் டியூப் பதினைந்து நாள். அதற்கு முன்னால் தீர்ந்தால் அதிகமாகப் போடுகிறேன் என்று அர்த்தம். பத்தாவது நாள் வாக்கில் கட்டைவிரல் வெடிப்பு மூடியது. அடுத்த மாசம் ரேஷன் கடையில் ரேகை முதல் தடவையே விழுந்தது.

தொந்தரவு இல்லாமல் இல்லை. தலையணை உறையில் எண்ணெய்க் கறை, செல்போன் முழுக்கப் பிசுபிசுப்பு. பகலில் இந்தக் கையோடு மாவில் கை வைக்கவே முடியாது. இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி பசை ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும், பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதை எச்சரித்திருக்கிறது. கையுறையோடு அடுப்புப் பக்கம் போகவே கூடாது. கேஸை மூடிய பிறகுதான் நான் டியூபையே எடுப்பேன்.

க்ரீம் ஜெயிக்கிற இடமும் இருக்கிறது. நீர் வடிகிற புண், அக்குள் தொடை மடிப்பு, மே மாத வியர்வை, பகலில் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் க்ரீம்தான். வியர்க்கிற இடத்தில் ஆயின்மென்ட் அப்பினால் மயிர்க்கால் அடைத்துக் கொப்புளம் வரும். தலைக்கு லோஷன். ஜெல் பலதில் ஆல்கஹால் இருக்கும், வெடிப்புக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஆனால் என் கைக்குக் கேட்டது என்று யாரும் முகத்தில் போட்டுவிடாதீர்கள். ஹைட்ரோகார்டிசோனை வைத்து 1967-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள், முன்கையில் இறங்குவதைப்போல நெற்றியில் 6 மடங்கு, தாடையோரம் 13 மடங்கு இறங்கியது. இத்தனைக்கும் அது சாதுவான ஸ்டீராய்டு. எங்கள் தெருவில் படர்தாமரைக்கு ஸ்டீராய்டும் சேர்த்து மூன்று மருந்து கலந்த டியூபைத் தானாக வாங்கிப் பூசி, அடங்கின மாதிரி இருந்து இரண்டு மடங்காகப் பரவியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2018-இல் இந்த ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசே கொண்டுவந்தது, இன்னமும் கேட்டால் கொடுக்கிற கடை இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை, அது டாக்டர் சொல்கிறபடிதான். இப்போது எனக்கு வாரத்தில் இரண்டு ராத்திரி மட்டும் ஆயின்மென்ட், மற்ற ராத்திரிகளில் மருந்தில்லாத வெறும் ஜெல்லி, அதே கையுறை. மெடிக்கலில் டியூபைக் கையில் வாங்கியதும் பெயருக்குக் கீழே உள்ள அந்தச் சின்ன வார்த்தையைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன்.