சர்ச் மியூசிக் மேற்படிப்பு: ஜெர்மனியா, அமெரிக்காவா?

ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கும் தம்பி தங்கைகள் சிலர், சர்ச் மியூசிக்கில் மேற்படிப்பு படிக்க எங்கே போகலாம் என்று கேட்கிறார்கள். நான் ஜெர்மனியில் படித்துவிட்டு, தரங்கம்பாடிப் பக்கம் ஒரு லுத்தரன் சபைக்கே திரும்பி வந்தவன். அமெரிக்காவுக்கு விண்ணப்பித்ததோடு சரி, அங்கே படித்ததில்லை. அந்தப் பக்கம் பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்கு வங்கியில் காட்டவேண்டிய பணம்தான் பெரிது. 2024 செப்டம்பரிலிருந்து அது ஆண்டுக்கு 11,904 யூரோ. அமெரிக்காவில் எல்லாம் உதவித்தொகையைப் பொறுத்தது. யேல் பல்கலைக்கழகத்தில் 1973இல் தொடங்கிய புனித இசை நிறுவனத்தில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமே கிடையாது.

காலக் கணக்கில் அமெரிக்காவுக்குத்தான் லாபம். அங்கே முதுகலை பெரும்பாலும் 2 ஆண்டு, அதுவும் ஆங்கிலத்தில். ஜெர்மனியில் முதுகலையை ‘ஏ’ என்பார்கள். அதில் சேர, பொதுவாக ‘பி’ எனப்படும் சர்ச் மியூசிக் இளங்கலை வேண்டும். என் பி.காம். அங்கே கணக்கில் வரவில்லை. ஆக 4 ஆண்டு, அதன்மேல் 2 ஆண்டு. ஜெர்மன் மொழி படித்த காலம் தனி.

அப்படியும் ஏன் ஜெர்மனி? ஊருக்குத் திரும்பிய பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்தேன். சென்னையில் செயின்ட் ஜார்ஜ் பேராலயம் போலச் சில இடங்களில் பைப் ஆர்கன் உண்டு. என் சபையில் இருப்பது 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு, காலால் வாசிக்கும் பெடல் கட்டைகள் கிடையாது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் பெரிய ஆர்கன் படைப்புகளை எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் இங்கே வாசிக்க வழியில்லை. ஆனால் அங்கே ஆராதனை வாசிப்பும் கற்பனை வாசிப்பும் தனியான முக்கியப் பாடம், தனித் தேர்வு. ஒரு மெட்டைக் கையில் கொடுப்பார்கள். அந்த இடத்திலேயே அதற்கு முன்னிசை அமைக்க வேண்டும், சரணத்துக்குச் சரணம் வேறு வேறு கார்டுகளில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாசிக்க வேண்டும், சுருதி மாற்றிக் காட்ட வேண்டும். நுழைவுத் தேர்வில் எனக்கு வந்த மெட்டு, சின்ன வயதில் ஊரில் தமிழில் ஞானப்பாட்டாகப் பாடியது! ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய ஊர்க்காரனுக்கு அது பெரிய தைரியம்.

போன மாதம் ஒரு துக்க ஆராதனை. நான் சுருதி கொடுப்பதற்கு முன்பே முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கீர்த்தனையை எடுத்துவிட்டார். கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். அதை அழுத்துவதற்கு முன், அவர் எந்தச் சுருதியில் நிற்கிறார் என்று காது சொல்ல வேண்டும். அடுத்த சரணத்தில் சபையே அரைச் சுரம் இறங்கியிருக்கும். பாட்டு உடையாமல் கூடவே இறங்கத் தெரிய வேண்டும். அந்த ஆறு ஆண்டும் அன்று என் விரலில் இருந்தன. அமெரிக்காவில் நான் விண்ணப்பித்த இடங்களின் பாடத்திட்டத்தில் இந்த ஆராதனை வாசிப்பு பல பாடங்களில் ஒன்றாகத்தான் இருந்தது. நல்ல ஆசிரியர் அமைந்தால் அங்கேயும் கிடைக்கலாம்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். கீர்த்தனைக்குக் கீழே நான்கு குரல் கார்டுகளை அடுக்கினால் ராகம் அமுங்கிப்போகும். எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதை ஜெர்மனி எனக்குச் சொல்லித் தரவில்லை, ஊருக்கு வந்துதான் கற்றேன். அமெரிக்காவில் டல்லாஸின் பெர்கின்ஸ் இறையியல் பள்ளி போன்ற இடங்களில் பிற நாட்டுத் திருச்சபைப் பாடல்களையும் ஆராய்கிறார்கள். இறையியல் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும், பாடல் வரலாறு எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தால் அங்கேயே போங்கள், நான் தடுக்கமாட்டேன்.

ஜெர்மனி என்று முடிவுசெய்தால் முதலில் பெடல் பழகுங்கள்; பெடல் வாசிக்காமல் நுழைவுத் தேர்வைத் தாண்ட முடியாது. அந்தக் காலத்தில் பெடல் உள்ள ஆர்கனுக்காக நான் வெள்ளி இரவு சென்னைக்கு பஸ் ஏறுவேன். சனிக்கிழமை கிடைத்த நேரமெல்லாம் பழகிவிட்டு, ஞாயிறு ஆராதனை மணி அடிப்பதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிடுவேன்.