லேப்டாப் ஃபார்மேட்டுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? என் 3,800 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020இல் வாங்கிய லேப்டாப். ஆன் செய்தால் டீ போட்டுக் குடித்து முடிக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கு சப்போர்ட்டும் நின்றுவிட்டது. சரி, ஃபார்மேட் அடித்து, அதாவது பழையதை அழித்துவிட்டு, புதிதாக 11 போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் வரை போகச் சோம்பல். தாம்பரத்தில் வீட்டுப் பக்கத்திலேயே, செல்போன் கவர் விற்றுக்கொண்டு லேப்டாப்பும் பார்க்கும் ஒரு கடையில் கொடுத்தேன்.

கூலி 500, விண்டோஸ் லைசென்ஸுக்கான "ஒரிஜினல் கீ" 2,500, டேட்டா பேக்கப் 800. மொத்தம் 3,800, அதுவும் முன்பணமாக.

நான் ஏமாந்த இடம் எது தெரியுமா? கடைப் பையன் என் எதிரிலேயே டி டிரைவைத் திறந்தான். அப்பாவின் சதாபிஷேகப் படங்கள் வந்தன. "அப்பாவா அக்கா?" என்று கேட்டான். போன வருஷம் தவறிவிட்டார் என்றேன். "இதைத் தொடவே மாட்டோம்க்கா, நிம்மதியா போங்க" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பிகூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் வாங்கி வந்து திறந்தால் சி டிரைவ் மட்டும்தான் இருக்கிறது. டி என்ற எழுத்தே காணோம். படங்கள், பத்து வருஷ டியூஷன் கேள்வித்தாள்கள், எல்லாம் போச்சு.

போன் செய்தால் "பையன் லீவு மேடம்". நேற்று அக்கா, இன்று மேடம்! நேரில் போனால் "ஓனர் வரட்டும்". ஓனர் வந்தார். "டேட்டாவுக்கு நாங்க கேரண்டி தர்றதில்லையே" என்றார். அப்படியானால் 800 ரூபாய் எதற்கு வாங்கினீர்கள் என்றேன். "ரெக்கவரி பண்ணிப் பார்க்கலாம், 6,000 ஆகும்" என்கிறார்!

கம்ப்யூட்டர் படிக்கும் அக்கா மகன் வந்து பார்த்தான். உள்ளே இருப்பது எஸ்எஸ்டி என்ற வகை டிஸ்க் என்பதால் அழித்ததை மீட்பது கஷ்டமாம். செட்டிங்ஸில், விண்டோஸ் லைசென்ஸ் நிலவரத்தைக் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தான். "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. வீட்டில் டியூஷன் எடுக்கும் எனக்கு ஏது நிறுவனம்? ஆபீஸ்களுக்கான முறையைத் திருட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறார்கள், 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும் என்றான். அதைவிட வயிற்றெரிச்சல், விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்புக்கு லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தே இருக்குமாம். அதே எடிஷனைப் போட்டு நெட்டில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகும், 11க்கும் அதுவே போதுமாம். தேவையே இல்லாத ஒன்றுக்கு 2,500!

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பேக்கப்பை நீங்களே எடுங்கள். கடையிலேயே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை உடனே மாற்றுங்கள். பில் வாங்குங்கள், பில்! நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் அதைத்தான் கேட்டார்கள். என்னிடம் இருப்பது "3,800 பெய்டு" என்று கிறுக்கிய காலண்டர் தாள்.

இன்று காலையும் கடைக்குப் போன் அடித்தேன். ஓனர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறாராம். அப்போது மணி பத்தரை.